உலகச் செவ்விலக்கியங்களைப் பல்கலைக்கழகத்தில் படிப்பது என்றால் என்ன? நாமே வாசித்தால் போதாதா?

பல நாடுகளில், பல நூற்றாண்டுகளாக மீண்டும் மீண்டும் வாசிக்கப்படும் நூல்களை, அவை பிறந்த காலத்தோடு சேர்த்துப் படிப்பதுதான் இந்தப் படிப்பு.

தனியாகவும் தாராளமாக வாசிக்கலாம். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. 1605இல் வந்த, ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸின் 'தோன் கிஹோத்தே' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய ஸ்பானிய வாசகர்களுக்கு வீரசாகசக் கதைகள் அத்துப்படி. அதனால் அவற்றை செர்வாண்டிஸ் கிண்டல் செய்தது உடனே புரிந்தது. அந்தக் கதைகளே தெரியாத நமக்குப் பாதிச் சிரிப்பு நழுவிப்போகிறது. நண்பர்களின் அரட்டையில் பாதியில் போய் உட்கார்ந்தால் எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியாதல்லவா? பக்கத்திலிருப்பவர் முன்கதையைச் சொன்னதும் நாமும் கலந்துகொள்வோம். வகுப்பறை அந்த முன்கதையைத் தருகிறது. அப்புறம், ஒரே வரியை நான்கு பேர் நான்கு விதமாகப் புரிந்துகொண்டு வாதிடுவதும் அங்கேதான் நடக்கும். எனக்கு அதுதான் இந்தப் படிப்பின் உயிர்.

மூலமொழி தெரிந்தவர்களுக்குத்தான் இது என்று பலர் தயங்குகிறார்கள். அப்படியில்லை, இளங்கலை வகுப்புகளில் பெரும்பாலும் மொழிபெயர்ப்புகளே பாடம். 1827இல் 'உலக இலக்கியம்' பற்றிப் பேசிய ஜெர்மானியக் கவிஞர் கதேயும் ஒரு சீன நாவலை மொழிபெயர்ப்பில்தான் வாசித்தார்.