வளவுக்குள் பெரிய பாறை: வெடி வைக்காமல் உடைப்பது எப்படி?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீடு. சமையலறையை நீட்டிக் கட்ட நினைத்திருக்கும் இடத்தில் ஒரு கருங்கல் கிடக்கிறது. நிலத்துக்கு மேலே தெரிவது எட்டடி நீளம், ஐந்தடி அகலம், நாலடி உயரம். வீட்டுச் சுவர் ஆறடி தூரத்தில் இருக்கிறது. பக்கத்தில் பழைய தண்ணீர்த் தொட்டியின் கொங்கிரீட் பீடமும் உண்டு. இரண்டடிக் கனம், உள்ளே கம்பி. நெருப்பு மூட்டித் தண்ணீர் ஊற்றினால் வெடித்துவிடும் என்கிறார் மேசன். ஒரு ‘குச்சி’ வைத்தால் ஒரு நிமிட வேலை என்கிறார் மைத்துனர். ஏதோ ஒரு தூள் வந்திருக்கிறது, சத்தமே இல்லாமல் கல்லைப் பிளந்துவிடும் என்கிறார் கடைக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மைத்துனரின் யோசனையை முதலில் தள்ளிவைப்போம். ‘குச்சி’ என்று அவர் சொல்வது எது என்பது திருகோணமலைக் கரையோரத்தில் எல்லோருக்கும் தெரியும். மீனுக்கு வீசுவதற்காகக் களவாகக் கைமாறும் டைனமைற்றைத்தான் சொல்கிறார். 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருட் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். சட்டத்தை விடுங்கள், ஆறடியில் சுவர் இருக்கிறது. உரிமம் பெற்ற, கைதேர்ந்த வெடிகாரர்கூட அந்தத் தூரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்.

மேசன் சொல்வது மிகப் பழைய முறை, வேலை செய்யும். ஆனால் எந்தப் பக்கம், எவ்வளவு உடையும் என்பது நெருப்பு மூட்டியவர் கையில் இல்லை. நம் பக்கத்துக் கற்களில் குவாட்ஸ் என்ற கனிமம் தாராளமாக உண்டு. அது 573 பாகை செல்சியசில் சட்டென்று உருமாறி விரியும். அந்த நேரத்தில் மேற்பரப்பிலிருந்து சில்லுகள் தெறிக்கும். பக்கத்தில் ஒருவர் வாளித் தண்ணீருடன் நின்றால் நிலைமை என்ன? அதுவும் கச்சான் காற்று வீசும் மாதங்களில், கிடுகு வேலிகளுக்கு நடுவில். வேண்டாம்.

கடைக்காரர் சொல்வது ஏறக்குறைய சரி. ‘சத்தமில்லை’ என்பதை மக்கள் ‘ஆபத்தில்லை’ என்று எடுத்துக்கொள்வதுதான் எனக்குப் பயம். அதற்கு வருமுன் உங்களிடம் ஒரு கேள்வி: இந்தக் கல் போகத்தான் வேண்டுமா?

சுற்றிவர மண்ணைத் தோண்டிப் பாருங்கள். அது மண்ணில் புதைந்து கிடக்கும் தனிக்கல்லாக இருக்கலாம். அடியில் பரந்து கிடக்கும் பாறையின் முதுகு மட்டும் வெளியே தெரிவதாகவும் இருக்கலாம். உவர்மலையைப் போன்ற மேட்டு நிலத்தில் இரண்டாவதற்கும் நல்ல வாய்ப்பு உண்டு. அடிப்பாறையாக இருந்தால் அதே பாறை உங்கள் வீட்டு அத்திவாரத்தின் கீழும் போகக்கூடும்; இங்கே விழும் வெடிப்பு அங்கேயும் ஓடலாம். அப்படியானால் மேலே துருத்தும் பகுதியை மட்டும் எடுத்துவிட்டுச் சமையலறையைப் பாறையின் மேலேயே எழுப்புவது பற்றி ஒரு பொறியியலாளரிடம் கேளுங்கள். அதைவிட நல்ல அத்திவாரத்தை யாரும் விலைக்குத் தரமாட்டார்கள். தோண்டும்போது மண்ணுக்குள் துருப்பிடித்த, இனம் தெரியாத உலோகம் தட்டுப்பட்டால் அலவாங்கை அங்கேயே வைத்துவிட்டு விலகி 119 ஐ அழையுங்கள். போர் நடந்த நம் மாவட்ட மண்ணில் இது வெறும் சம்பிரதாய எச்சரிக்கை இல்லை.

தனிக்கல்தான் என்று உறுதியானால் மேற்கொண்டு பேசலாம். கல்லை நசுக்குவது கடினம், இழுத்துப் பிரிப்பது சுலபம். நல்ல கருங்கல்லை நசுக்கப் பெரும்பாலும் 100 மெகாபாஸ்கலுக்கு மேல் அழுத்தம் வேண்டும். இழுத்துப் பிரிக்க அதில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ போதும். கொங்கிரீட்டுக்கு 2 முதல் 4 மெகாபாஸ்கல். சம்மட்டியால் மேலே அடிப்பவர் கல்லின் பலத்தோடு மோதுகிறார். துளைக்குள் இருந்து இரு பக்கமும் நெம்புபவர் அதன் பலவீனத்தைப் பிடிக்கிறார். ஆப்பும் தூளும் செய்வது இதைத்தான். ஒரு நிபந்தனை உண்டு: பிளவுபடும் துண்டு விலகிப் போவதற்கு ஒரு பக்கமாவது வெறுமையாக இருக்க வேண்டும். சுற்றி மண் இறுகியிருந்தால் எந்த முறையும் பாதி வேலைதான் செய்யும். அதனால் தோண்டிய மண்ணைத் திரும்பத் தள்ளாதீர்கள்.

உங்கள் கல் புதைந்த பகுதியையும் சேர்த்தால் எட்டுத் தொன்னுக்குக் குறையாது. அதனால் என் யோசனை இது: பெரிய பிளவுகளுக்குத் தூள், அதன்பின் துண்டுகளைச் சிறிதாக்க ஆப்பு.

ஆப்பு வேலை பழைய கல்தச்சர்களுடையது. பழைய கோயில், விகாரைத் தலங்களின் பாறை விளிம்புகளில் வரிசையாகக் காணும் சதுரக் குழிகள் அவர்கள் ஆப்பு வைத்த இடங்கள். இப்போது துளைப்பான் இருப்பதால் குழி வெட்டும் சிரமம் இல்லை. ஒரே நேர்கோட்டில் ஐந்தாறு அங்குலத்துக்கு ஒரு துளை, நாலைந்து அங்குல ஆழம். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கத் தகடுகளை இறக்கி நடுவில் ஆப்பைச் செருகுங்கள். தகடுகள் பிளவு விழவேண்டிய கோட்டின் இரு புறமும் இருக்க வேண்டும். திருப்பி வைத்தால் துளையின் வாய் மட்டும் சிதையும். பிறகு வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒவ்வோர் ஆப்புக்கும் ஒரு அடி, அளவான அடி. முதல் சுற்றில் ஒலி மொத்தையாக இருக்கும். சுற்றுக்குச் சுற்று அது கூர்மையாகி மணிபோல எழும். எல்லா ஆப்புகளும் ஒரே சுதிக்கு வந்தபின் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு ஐந்து நிமிடம் இருங்கள். கல்லுக்குள் பிளவு நடந்துகொண்டிருக்கும். அடுத்த சுற்றில் ஒலி திடீரென்று செத்துப்போனால் கல் பிளந்துவிட்டது. துளைகளுக்கிடையே மயிரிழைக் கோடு தெரியும். அவசரப்பட்டு ஒரே ஆப்பில் பலத்தைக் காட்டுபவர் அந்த ஆப்பைக் கல்லுக்குள் புதைத்துவிடுவார். நம் பகுதிக் கல்லில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் தெரிந்தால் அந்தப் பட்டையோடு ஒட்டிக் கோட்டைப் போடுங்கள், பாதி அடியில் பிளக்கும். தலை பூப்போல விரிந்த உளியையும் ஆப்பையும் தீட்டி எடுக்காமல் தொடாதீர்கள். அந்த விளிம்பிலிருந்து தெறிக்கும் இரும்புச் சில்லு கண்ணைப் பறித்துவிடும்.

இனித் தூள். அதன் பெரும்பகுதி சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் பட்டதும் சூடாகி நீறிப் பருக்கும். துளைக்குள் அடைபட்டிருப்பதால் அந்தப் பருமன் கல்லைத் தள்ளும். அழுத்தம் மெல்ல மெல்ல ஏறி 30 மெகாபாஸ்கலைத் தாண்டும். கல் தாங்காது. வெயில் ஊரில் சில மணி நேரத்திலேயே கோடு தெரியலாம், சிலசமயம் ஒரு நாள் ஆகும்.

உங்கள் கல்லுக்கு நீளவாக்கில் நடுக்கோடு ஒன்று போடுங்கள். அதில் 38 மில்லிமீற்றர் துளைகள், ஓர் அடிக்கு ஒன்று. ஆழம், கல்லின் முழு உயரத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். துளையை அகலமாக்கினால் சீக்கிரம் பிளக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அகலத் துளையில் சூடு தேங்கும், அதனால் வரும் தொல்லையைக் கீழே சொல்கிறேன். இந்த அளவுத் துளை ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 2 கிலோ தூள் கொள்ளும். துளைகளைக் காற்றடித்துத் துப்புரவாக்குங்கள், வாயால் ஊதாதீர்கள். துளைக்குள் வெடிப்போ நீர்க்கசிவோ இருந்தால் மெல்லிய பொலித்தீன் உறையை இறக்கி அதற்குள் ஊற்றுங்கள்.

திருகோணமலையில் இந்த வேலைக்குப் பெரிய எதிரி வெயில். தூள் வெப்பநிலைக்கு ஏற்ப வெவ்வேறு வகையாக வருகிறது; பையில் அச்சிட்டிருக்கும். நமக்கு வேண்டியது 25 முதல் 40 பாகைக்கு உரியது. குளிர்ப் பிரதேச வகையைக் கடைக்காரர் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று நீட்டினால் வாங்காதீர்கள். அங்கே குறிப்பது கல்லின் சூட்டை, காற்றின் சூட்டை இல்லை. காண்டாவனத்தில் நடுப்பகல் கருங்கல்லில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், நாற்பது பாகை எங்கே என்று தெரியும். சூடு மிஞ்சினால் கலவை இறுகுவதற்குள் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி, துளையில் இருப்பதையெல்லாம் மேலே பீச்சியடிக்கும். ‘என்ன இன்னும் பிளக்கவில்லை’ என்று குனிந்து எட்டிப் பார்ப்பவரின் முகத்தில்தான் அது விழும். கொதிக்கும் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வை போய்விடலாம்.

ஆகவே முதல் நாளே கல்லின் மேல் கிடுகுப் பந்தல் போட்டு நிழல் கொடுங்கள். காலையில் துளையிட்டு முடியுங்கள், பொழுது சாயும்போது ஊற்றுங்கள். இரவின் குளிர்ச்சி உங்களுக்குத் துணை. 5 கிலோப் பைக்கு ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் குளிர்ந்த தண்ணீர். பையில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டும் விடாதீர்கள். நீர் கூடினால் பலம் குறையும். முதலில் தண்ணீர், பிறகு தூள். கட்டியில்லாமல் கலக்கி ஐந்து நிமிடத்துக்குள் ஊற்றி முடியுங்கள். ஒரு தடவைக்கு ஒரு பை. வாளியில் கலவை சூடேறி ஆவி விடத் தொடங்கினால் அதைத் துளைக்குள் ஊற்ற வேண்டாம். நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து, கிணற்றுக்குத் தூரமாகக் கொட்டுங்கள். துளையின் வாயைச் சீமெந்தாலோ கல்லாலோ அடைக்கக் கூடாது. உலர்ந்த சாக்கைத் தளர்வாக மேலே போட்டு அதன்மேல் தறப்பாள் விரியுங்கள். மறுநாள் காலைவரை பிள்ளைகள், கோழி, நாய் எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது. மிஞ்சிய கலவையைப் போத்தலில் ஊற்றி மூடிவைக்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் உடனே நிறுத்துங்கள், போத்தல் சிதறும்.

முகத்தோடு ஒட்டி மூடும் கண்ணாடியும் நீண்ட றப்பர்க் கையுறையும் இல்லாமல் பையைப் பிரிக்க வேண்டாம். மூக்குக் கண்ணாடி போதாது. கண்ணில் பட்டால் கசக்காமல், இமையை விரித்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவுங்கள். கழுவிக்கொண்டிருக்கும்போதே மற்றவர் 1990 அம்புலன்ஸை அழைக்கட்டும். கழுவாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது கண்ணை இழக்க ஓடுவது. தண்ணீர் வாளி பக்கத்தில் நிறைந்திருக்க வேண்டும் என்பதையும் வேலை தொடங்குமுன் பாருங்கள்.

கோடு விழுந்தபின் அதற்குள் தண்ணீர் விட்டால் பிளவு இன்னும் அகலும். இங்கேதான் பலரும் அசட்டையாகிறார்கள். நாலு தொன் பாதி தன் சமநிலையை இழந்து நிற்கிறது, நீங்களோ தோண்டிய பள்ளத்துக்குள் அலவாங்கோடு நிற்கிறீர்கள். துளையிடும் முன்பே இரு பக்கமும் அடைகல் வையுங்கள். நெம்பும்போது மேட்டுப் பக்கத்தில் நில்லுங்கள், பள்ளத்துக்குள் யாரும் இருக்கக் கூடாது.

கொங்கிரீட் பீடத்துக்கு வேறு கணக்கு. கம்பி கொங்கிரீட்டைப் பிடித்து வைத்திருக்கும், அதனால் துளைகள் எட்டங்குலத்துக்கு ஒன்றாக நெருங்க வேண்டும். ஆழம் ஏறக்குறைய அடிவரை. விளிம்பிலிருந்து தொடங்கி உள்ளே போங்கள். வெடித்தபின் கம்பியைக் கிரைண்டரால் வெட்டிப் பிரியுங்கள். இழுவையில் இருந்த கம்பி வெட்டுப்பட்டதும் துள்ளும், முகத்தை விலக்கி வையுங்கள். வெளிப்படையாகச் சொன்னால், இந்தப் பீடம் ஒன்றுக்காக நான் தூள் வாங்கமாட்டேன். கூலிக்கு மின் பிரேக்கர் எடுத்து இரண்டு பேர் மாறி மாறிப் பிடித்தால் வேலை முடிந்துவிடும். கல்லுக்கு வாங்கியதில் மிச்சம் இருந்தால் பயன்படுத்துங்கள். பிரித்த பையை நம் கடற்காற்றில் அடுத்த மாதத்துக்கு வைத்திருந்தால் அது செத்த சுண்ணாம்புதான்.

எல்லா முறைக்கும் பொதுவானது தூசி. துளைப்பான் வாயிலிருந்து எழும் வெள்ளைப் புகையில் நுண்ணிய சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் போய்த் தங்கினால் வரும் சிலிக்கோசிஸ் நோய்க்கு மருந்து இல்லை. துவாயையோ சாரத்தையோ முகத்தில் கட்டிக்கொள்வது இதற்குப் பயன்படாது. என்95 முகக்கவசம் வேண்டும். காற்று முதுகுப் பக்கம் வீசும்படி நில்லுங்கள். காற்றழுத்தத் துளைப்பானானால் தண்ணீர் விட்டுத் துளைக்கலாம். சாதாரண மின் துளைப்பானில் தண்ணீர் விடக் கூடாது, தூசி உறிஞ்சியைப் பொருத்துங்கள். வீட்டின் ட்ரிப் சுவிட்ச் ஒழுங்காக விழுகிறதா என்று பொத்தானை அழுத்திச் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். இந்த முறைகளைப் படித்துவிட்டுக் கிணற்றுக்குள் தட்டுப்பட்ட பாறையில் பரீட்சை பார்க்க யாராவது நினைத்தால், பெற்றோல் இயந்திரத்தைக் கிணற்றுக்குள்ளோ வாயிலோ வைக்காதீர்கள். அதன் புகை கீழே தேங்கி ஆளைக் கொன்றுவிடும். கிணற்று வேலை அதற்கென்றே பழகியவர்களுக்கு உரியது.

உடைந்த கல்லை உங்கள் சமையலறையின் அத்திவாரத்துக்கே போடுங்கள். மிஞ்சியதை விற்கவோ லொறியில் ஏற்றி அனுப்பவோ எண்ணினால், ஏற்றுமுன் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தில் விசாரியுங்கள். 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் கல்லைக் கொண்டுசெல்வதற்கும் அனுமதி கேட்கிறது.