வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ்.: அதில் சர்க்கரை எதற்கு?

கேள்வி: என் 4 வயது மகனுக்கு நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. டாக்டர் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கொடுக்கச் சொன்னார். இனிப்பு பேதியைக் கூட்டும் என்கிறார் என் மாமியார். வெறும் தண்ணீர் போதாதா? சுவை பிடிக்காமல் மகன் துப்புகிறான். இன்னும் கொஞ்சம் சர்க்கரை சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கவே வேண்டாம். உங்கள் மாமியார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அளவுக்கு மிஞ்சிய இனிப்பு பேதியைக் கூட்டத்தான் செய்யும். ஆனால் ஓ.ஆர்.எஸ்.ஸில் உள்ள குளுக்கோஸ் என்ற சர்க்கரை சுவைக்காகப் போட்டதல்ல.

குடலின் உள்பக்கச் செல்களை மெல்லிய கொழுப்புச் சவ்வு மூடியிருக்கிறது. உப்பிலுள்ள சோடியமும் சரி, குளுக்கோஸும் சரி, அதைத் தாமாகக் கடக்க முடியாது. புரதத்தாலான வாசல்கள் வேண்டும். அவற்றில் ஒரு வாசல், இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் ஜோடி சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும். செல்லின் மறுபக்கத்தில் ஒரு பம்ப் ஓயாமல் சோடியத்தை வெளியே இறைத்துக்கொண்டே இருப்பதால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு. அந்தக் குறைவுதான் குடலில் இருக்கும் சோடியத்தை உள்ளே இழுக்கிறது. கூடவே குளுக்கோஸும் வந்துவிடுகிறது. இவை போகும் பக்கம் தண்ணீரும் பின்னாலேயே போகும்.

காலரா போன்ற கடும் பேதியில்கூட இந்த ஜோடி வாசல் கெடுவதில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம்தான். 1971இல் வங்காள அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்க வைத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

வெறும் தண்ணீர் இழந்த உப்பை ஈடுகட்டாது. அதை மட்டுமே கொடுத்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, அப்புறம் கொஞ்சம் பொட்டாசியமும் சிட்ரேட்டும். இந்தக் கரைசல் ரத்தத்தைவிடச் சற்று நீர்த்தது. நீங்கள் சர்க்கரை சேர்த்தால் அது ரத்தத்தைவிட அடர்த்தியாகி, உடம்பிலிருக்கும் தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துவிடும். குளிர்பானமும் பாட்டில் ஜூஸும் செய்வது இதைத்தான். பாக்கெட்டில் போட்டிருக்கும் அதே அளவு தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

துப்பும் குழந்தைக்கு டம்ளரை நீட்டாதீர்கள். ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் போதும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுங்கள். ஒவ்வொரு முறை பேதி போன பிறகும் 100 முதல் 200 மி.லி. வரை உள்ளே போகட்டும். வழக்கமான சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். துத்தநாக மருந்து பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

ஓ.ஆர்.எஸ். பேதியை உடனே நிறுத்தாது, உடம்பு வறளாமல்தான் காக்கும். பேதி நிற்கவில்லையே என்று பயந்து பாதியில் விட்டுவிடாதீர்கள். ஆனால் கண் குழிந்துபோனால், 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் ரத்தம் வந்தால், சோர்ந்து துவண்டு குடிக்கவே மறுத்தால், காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். போகும் வழியிலும், முழித்திருந்து விழுங்க முடிகிற வரை, ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே போங்கள்.