சயவும் சயவும் கூட்டினால் சக வருமா?

தரம் 7 படிக்கிற மகன் (−3) + (−5) என்ற கணக்குக்கு +8 என்று எழுதுகிறான், கேட்டால் "சயவும் சயவும் சக" (சய என்றால் −, சக என்றால் +) என்கிறான், எப்படித் திருத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிளிநொச்சிப் பக்கம் பின்னேர வகுப்பு எடுக்கிறேன். என்னிடம் வருகிற பிள்ளைகள் பலர் விடுகிற பிழையும் இதுதான். அவன் சொல்கிற விதி பொய்யில்லை, ஆனால் அது பெருக்கலுக்குரியது. விளங்காமல் பாடமாக்கினதால் கூட்டலுக்குள்ளும் வந்து நிற்கிறது. தயவுசெய்து அதற்கு மேலே இன்னொரு விதியைப் பாடமாக்க வைக்காதீர்கள்.

கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். (கட்டில்லாத கிணறென்றால் வேண்டாம், பிள்ளையைக் கிட்டவும் விடாதீர்கள்.) ஒருமுறை ஒரு பிள்ளைக்கு நைலோன் கயிற்றில் அடிக்கொரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லுக் கட்டிக் கொடுத்தேன். காலமை தண்ணீர் நின்ற மட்டம் 0. மிளகாய்த் தோட்டத்துக்கு இறைத்ததில் 3 அடி இறங்கிவிட்டது. அது −3. ஊறுவதற்கிடையில் திரும்ப இறைத்தால் இன்னும் 5 அடி இறங்கும் என்று வையுங்கோ, தண்ணி எங்க நிக்கும் என்று கேட்டேன். கயிற்றைக் கையில் வைத்து முடிச்சு முடிச்சாகத் தடவி எண்ணினாள். "எட்டு அடி கீழ, சேர்." பிறகு தன் கொப்பியில் எழுதியிருந்த +8ஐப் பார்த்தாள். "இறைக்க இறைக்கத் தண்ணி மேல வராதே!" அழிறப்பரைத் தானே எடுத்தாள்.

முதல் எண் தண்ணீர் நிற்கிற இடம், இரண்டாவது எண் அதற்கு நடந்தது. இந்த வித்தியாசம் பிடிபட்டால் குறி மாறிய கணக்கும் வரும். அதற்கு எனக்குப் பிடித்தது இரணைமடுக் குளம். நிறைந்தால் 36 அடி. அந்த மட்டத்தை 0 என்று எடுங்கள். இப்போது 29 அடி நிற்கிறது என்றால் −7. மாரி மழையில் 4 அடி ஏறினால் (−7) + (+4) = −3. சரிபார்க்கவும் முடியும்: 29 உடன் 4 கூட்ட 33, நிறைய இன்னும் 3 அடி தேவை. 4 அடிக்குப் பதிலாக 9 அடி ஏறுகிற தண்ணீர் வந்தால்? (−7) + (+9) = +2. அந்த 2 அடியும் வான்கதவால் போக வேண்டிய தண்ணீர். குறியை விட்டுப் பார்த்தால் எந்த எண் பெரிதோ அதன் குறிதான் விடைக்கு வரும் என்பதை அவனே கண்டுபிடிப்பான்.

கிணறும் குளமும் கிட்ட இல்லையென்றால் கடைக் கடன் போதும். கி.பி. 628இல் இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் மறை எண்ணைக் கடன் என்றும் நேர் எண்ணைச் செல்வம் என்றும் வைத்துத்தான் இந்த விதிகளை எழுதினார். கடனோடு கடன் சேர்ந்தால் கடன்தான் கூடும்.

கழித்தலுக்கு இப்போதே போகாதீர்கள். (−6) + (+6) எவ்வளவு என்று கேட்டதும், கொப்பியைப் பார்க்காமல் "பழைய இடத்துக்கே வந்திட்டுது" என்று அவன் சொல்லட்டும், பிறகு தொடங்கலாம்.