சாரல், ஓணம், நட்சத்திரம், கொன்றை: சின்ன வகுப்புக் கைவேலைக் கேள்விகள்

கேரள எல்லையின் இரு பக்கமும் இருக்கும் தமிழ்ப் பள்ளிகளிலிருந்து வந்த கேள்விகள் இவை. பெரும்பாலானவை ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளைப் பற்றியவை.

செங்கோட்டை: ஜூன், ஜூலையில் பிள்ளைகள் பெயின்ட் அடித்த தாள் காயவே மாட்டேன் என்கிறது. சுருண்டுகொள்கிறது, அடுக்கினால் ஒட்டிக்கொள்கிறது. மழைக்காலப் படத்தை மழைக்காலத்தில் வரைய முடியாதா?

தாராளமாக வரையலாம். போஸ்டர் கலரைக் கெட்டியாகப் பூசுவதை மட்டும் அந்த இரண்டு மாதம் நிறுத்திவையுங்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் வந்துகொண்டே இருக்கும்போது காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. பெயின்டில் உள்ள தண்ணீர் ஆவியாகிப் போக இடமில்லை. தாள் சுருள்வது வேறு காரணத்தால். ஒரு பக்கம் மட்டும் நனைந்து ஊறி, பிறகு அந்தப் பக்கமே காய்ந்து இறுகுவதால் சுருள்கிறது. ஜெராக்ஸ் தாள் என்றால் கேட்கவே வேண்டாம். குறைந்தது 150 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) டிராயிங் தாள் வாங்குங்கள், நான்கு ஓரத்தையும் டேப்பால் அட்டையில் ஒட்டிவிட்டு வரையச் சொல்லுங்கள்.

சாரலுக்கு ஏற்ற வேலை மெழுகுக் கிரையான் மழை. மலை, தென்னை, குடை, அருவி எல்லாவற்றையும் பிள்ளைகள் கிரையானால் அழுத்தி வரையட்டும். மழைக்கோடுகளை வெள்ளைக் கிரையானால் போடட்டும், அது கண்ணுக்குத் தெரியாது. பிறகு ஒரு ஸ்பூன் நீலப் போஸ்டர் கலரில் ஐந்து ஸ்பூன் தண்ணீர் கலந்து, அகலமான பிரஷ்ஷால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். மெழுகு இருக்கும் இடத்தில் தண்ணீர் நிற்காது, வெள்ளை மழை தானாகத் தெரியவரும். முதல் கோடு தெரியும் அந்த நொடியில் ஒன்றாம் வகுப்பே எழுந்து நிற்கும்!

மழை தெரியவில்லை என்றால் பெரும்பாலும் மூன்று காரணம்தான். பிள்ளை லேசாக வரைந்திருக்கும், கலர் கெட்டியாக இருந்திருக்கும், அல்லது கிரையான் பிளாஸ்டிக் வகையாக இருக்கும். பிளாஸ்டிக் கிரையான் தண்ணீரை அவ்வளவாகத் தள்ளாது. வாங்கும்போது நகத்தால் சுரண்டிப் பாருங்கள், மெழுகு நகத்தில் ஏறும்.

காயவைக்கும்போது முதல் அரை மணி நேரம் தரையில் படுத்தவாக்கில் இருக்கட்டும். மினுமினுப்பு அடங்கியபின் வராந்தாக் கயிற்றில் கிளிப் போட்டு, ஒன்றையொன்று தொடாமல் மாட்டுங்கள்.

கொழிஞ்சாம்பாறை: ஓணத்துக்குக் கலர் உப்பில் பூக்களம் போட்டோம். மறுநாள் காலையில் நீர்விட்டு, கலரெல்லாம் கலந்துவிட்டது. பூ வாங்கவும் கட்டுப்படியாகவில்லை.

உப்பின் மேல் தவறில்லை. காற்றின் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரையும். ஆவணியில் பல நாள் அந்த அளவைத் தாண்டிவிடும். உப்புக் கோலத்தை மாசி, பங்குனிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓணத்துக்கு மரத்தூள் எடுங்கள். மர அறுவை மில்லில் கேட்டால் கிடைக்கும். மாவுச் சல்லடையில் சலித்தால் சிராய் போய்விடும். 1 மீட்டர் விட்டமுள்ள களத்துக்கு எல்லா நிறமும் சேர்த்து 3 லிட்டர் தூள் போதும். ஒவ்வொரு லிட்டர் தூளுக்கும் இரண்டு மேசைக்கரண்டி கலர்ப் பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, புட்டுமாவு பிசறுவதுபோலப் பிசறி, நிழலில் ஒரு நாள் உலர்த்துங்கள். மில்லில் தேக்குத்தூள் கிடைத்தால் பழுப்புக்குச் சாயமே தேவையில்லை.

வட்டத்தைப் பிரிப்பதில்தான் பல வகுப்புகள் தடுமாறுகின்றன. நடுவில் ஒரு பிள்ளை நூலைப் பிடிக்க, 50 செ.மீ. தள்ளி சாக்பீஸ் கட்டி இன்னொரு பிள்ளை வட்டம் போடட்டும். நூலின் நீளத்தை மாற்றாமல் வட்டத்தின் விளிம்பில் ஒரு புள்ளியில் வைத்து அடுத்த புள்ளி, அதிலிருந்து அடுத்தது என்று குறித்துக்கொண்டே போனால் சரியாக ஆறாவது தடவை தொடங்கிய இடத்துக்கே வரும். கணக்குப் பாடத்தில் ஆரம் என்று படிப்பது இங்கே காலடியில் கிடக்கிறது, விட்டுவிடாதீர்கள். அத்தம் தொடங்கித் திருவோணம் வரை பத்து நாள். ஒவ்வொரு நாளும் ஒரு வளையம் கூட்டலாம், ஆனால் உள்ளிருந்து வெளியே போக வேண்டும். வெளியிலிருந்து தொடங்கினால் நடுவில் வேலைசெய்யப் பிள்ளை உள்ளே மிதித்துத்தான் போக வேண்டியிருக்கும்.

அசல் பூவும் கொஞ்சம் வேண்டும் என்றால் தும்பை, இட்லிப்பூ, செம்பருத்தி, செண்டுமல்லி போதும். அரளி வேண்டவே வேண்டாம். அதன் பூ, இலை, பால் எல்லாமே விஷம். 2024 மே மாதம் கேரளத்தில் பல கோயில்களை நிர்வகிக்கும் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டே நைவேத்தியத்திலிருந்து அரளியை விலக்கிவிட்டது. பூவைக் கிள்ளிய விரலை வாயில் வைக்கும் வயது இது.

குலசேகரம்: புத்தகத்தில் இலையுதிர் காலம் என்று மேப்பிள் இலையும் பனிமனிதனும் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்தே வரைகிறார்கள். என்ன செய்யலாம்?

உங்களுக்கு இலையுதிர் காலம் இருக்கிறது டீச்சர், வாசலிலேயே இருக்கிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ரப்பர் தோட்டத்தில் நடந்து பாருங்கள். இலை செம்பட்டையாகி, மஞ்சளாகி, காலடியில் சரசரக்கும். பார்க்காத மேப்பிளை வரையும் பிள்ளை கோட்டைத்தான் நகலெடுக்கிறது. ரப்பர் இலையைக் கையில் வைத்திருக்கும் பிள்ளை, ஒரே காம்பில் மூன்று இலை இருப்பதைத் தானே கண்டுபிடிக்கும்.

தரையில் கிடந்து மொறுமொறுப்பான இலை உடையும். நிறம் மாறியும் வளைந்துகொடுக்கும் இலையாகப் பொறுக்குங்கள். பழைய செய்தித்தாளுக்குள் வைத்து மேலே கனமான புத்தகம் ஏற்றுங்கள். இரண்டாம் நாள் தாளை மாற்றுங்கள், இல்லையென்றால் பூசணம் பிடிக்கும். ஒரு வாரத்தில் தயார். ஒட்டும்போது நடு நரம்பில் மட்டும் பசை தடவி ஒட்டி, காய்ந்தபின் ஃபெவிகால் பாதி, தண்ணீர் பாதி கலந்து மேலே ஒரு பூச்சு. இலை முழுக்கப் பசை தடவினால் அடித்தாள் இழுத்துக்கொண்டு கூனும்.

மழைக்காலத்தில் ரப்பர் காய் வெடித்து விழும் கொட்டைகளை மயில், வண்டு என்று ஒட்டுவதும் அழகுதான். ஆனால் பச்சைக் கொட்டைக்குள் நஞ்சு உண்டு, ஒன்றாம் வகுப்பில் கொடுக்காதீர்கள். குன்றிமணி எந்த வகுப்பிலும் கூடாது. சிவப்பில் கறுப்புக் கண் இருந்தால் குன்றிமணி, அதன் விதையை மென்றால் உயிருக்கே ஆபத்து. முழுச் சிவப்பாக, தட்டையாக இருந்தால் மஞ்சாடி, படத்துக்கு அதை எடுத்துக்கொள்ளலாம். அதையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள்.

தென்காசி, ஒரு தாயார்: சதுர்த்திக்குப் பிள்ளை செய்யும் களிமண் பிள்ளையார் ஒவ்வொரு வருடமும் வெடிக்கிறது, தும்பிக்கை விழுகிறது.

உடம்பு கட்டியாக இருப்பதால் வெளிப்பக்கம் முதலில் காய்ந்து சுருங்குகிறது, உள்ளே ஈரம் அப்படியே நிற்கிறது. அந்த இழுபறியில் வெடிக்கிறது. உள்ளங்கை உயரப் பிள்ளையாருக்கு அரை கிலோ மண் எடுங்கள். கிலோவுக்கு ஒரு பிடி ஊறவைத்துக் கசக்கிய செய்தித்தாள் கூழைச் சேர்த்துப் பிசையுங்கள். உருவம் ஆனதும் அடிப்பக்கத்திலிருந்து கட்டைவிரலால் குடைந்து, சுவர் 2 செ.மீ. கனம் இருக்கும்படி விடுங்கள். தும்பிக்கையைத் தொங்கவிடாமல் வயிற்றில் படியவையுங்கள். ஒட்டும் இரண்டு இடத்தையும் ஈர்க்குச்சியால் கீறி, சேற்றுக்குழம்பு தொட்டு அழுத்த வேண்டும். வெறும் தண்ணீர் தொட்டு ஒட்டினால் காய்ந்ததும் கழன்றுவிடும்.

வெயிலும் ஃபேனும் வேண்டாம். இரண்டு நாள் ஈரச் செய்தித்தாள் போர்த்தி, பிறகு நிழலில். உங்கள் ஊர்க் காற்றுக்கு ஒரு வாரம் பிடிக்கும், ஆகவே பத்து நாள் முன்பே தொடங்குங்கள். நிறத்துக்குக் காவியும் மஞ்சளும் போதும், தண்ணீரில் கரைக்கப்போகும் மண்ணுக்கு எனாமல் பெயின்ட் எதற்கு?

கோபாலபுரம்: பட்டம் செய்யச் சொல்லிக்கொடுக்கலாமா? எந்த நூல்?

பருத்தி நூல் மட்டும். மாஞ்சா, நைலான் இரண்டும் கூடாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் மெல்லிய தாள் பட்டம் கிழிந்துபோகும், அந்த மாதங்களில் பனை ஓலைக் காத்தாடிதான் சரி. சுழலும் ஓலையைக் குச்சியில் குத்த முள்ளுக்குப் பதிலாகக் குண்டூசி, ஓலைக்கும் குச்சிக்கும் நடுவே ஒரு பாசிமணி. மணி இல்லாவிட்டால் ஓலை குச்சியில் உரசி நின்றுவிடும்.

களியக்காவிளை: கிறிஸ்துமஸ் நட்சத்திரக் கூடு செய்தால் ஒரு கால் நீளமாகவும் ஒரு கால் குட்டையாகவும் கோணிக்கொள்கிறது.

கண்மதிப்பில் கட்டுவதால் கோணுகிறது. 30 செ.மீ. நீளத்தில் பத்து மூங்கில் குச்சிகளைப் பெரியவர்களே சீவி, சிராய் போகத் தேய்த்துக் கொடுங்கள். ஈர்க்கு வேண்டாம், ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்திருப்பதால் வளைவு ஒன்றுபோல இருக்காது. ஒவ்வொரு குச்சியிலும் இரண்டு முனையிலிருந்தும் 11.5 செ.மீ. அளந்து பேனாவால் கோடு போடச் சொல்லுங்கள். நடுவில் 7 செ.மீ. மிஞ்சும். ஐந்து குச்சிகளை நட்சத்திரமாகப் பரப்பும்போது கோட்டின் மேல் கோடு உட்கார வேண்டும். உட்கார்ந்தால் நட்சத்திரம் கோணவே கோணாது. ஐந்து முனை, ஐந்து குறுக்குவெட்டு, ஆக ஒரு நட்சத்திரத்துக்குப் பத்துக் கட்டு.

இப்படி இரண்டு செய்து முனைகளைச் சேர்த்துக் கட்டுங்கள். உள்ளே ஐந்து குறுக்குவெட்டிலும் 8 செ.மீ. குச்சியை இரண்டுக்கும் நடுவே முட்டுக்கொடுத்தால் கூடு உப்பி நிற்கும். முட்டுக்குச்சியின் நுனியில் சின்னதாக வெட்டு கொடுத்தால் வழுக்காது. பட்டத்தாளை வெட்டும்போது கூட்டைத் தாளின் மேல் வைத்து 1 செ.மீ. கூடுதலாக வெட்டி மடித்து ஒட்டுங்கள். பக்கவாட்டில் பத்து முக்கோணம் வரும், ஒன்றைத் திறந்தே விடுங்கள், பல்பு நுழைக்க. சின்ன எல்இடி மட்டும், இழை பல்பு சூடேறித் தாளைக் கருக்கும். நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு இது நல்ல வேலை.

மூணாறு: பிள்ளைகள் குறிஞ்சி வரைய ஆசைப்படுகிறார்கள், ஆனால் பார்த்ததே இல்லை.

2018-இல் பூத்தது, அடுத்த பெரிய பூப்பு 2030-இல். அதுவரை செடியை வரையட்டும், மலையை வரையட்டும். தாளை ஸ்பான்ஜால் நனைத்து, மினுமினுப்பு இருக்கும்போதே நீர்த்த சாம்பல்நீலம் தொட்டால் தானே பரவி மூடுபனி ஆகும். கீழே தேயிலை வரிசை மட்டும் தாள் காய்ந்தபின்.

வேலந்தாவளம்: விஷுவுக்கு மஞ்சள்தூளில் கொன்றை வரைந்தோம். சுவரில் ஒட்டிய சில நாளில் வெளுத்துவிட்டது.

மஞ்சளின் நிறம் வெளிச்சம் தாங்காது. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒட்டினால் இன்னும் சீக்கிரம் போகும். நோட்டுக்குள் வைக்கும் படத்துக்கு மஞ்சள்தூள் சரி, சுவருக்குப் போஸ்டர் கலர். ஏப்ரலில் பள்ளி இருக்காது, ஆகவே மார்ச்சிலேயே முதல் கொத்து வந்ததும் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் தொங்கவிடுங்கள். விரல் ரேகையால் பதிக்கும்போது ஒரு பூவுக்கு ஐந்து இதழ், ஐந்து விரல்பதிவு. கொன்றை மேலிருந்து பூத்து இறங்கும். அதனால் காம்புப் பக்கம் விரிந்த பூக்களைக் கட்டைவிரலாலும், கீழ்நுனியில் உருண்டை மொட்டுகளைப் பென்சில் பின்பக்க ரப்பரைத் தொட்டும் பதிக்கச் சொல்லுங்கள். காம்பு பச்சையைக் கடைசியில் போடுங்கள், ஈர மஞ்சளில் பட்டால் கலங்கும்.