மூன்று தலகணியை ஏன் மறைத்தீர்கள்?

கேள்வி: இதயத்துக்குச் செய்கிற என்டி-புரோபிஎன்பி இரத்தப் பரிசோதனையை இவரும் நானும் செய்தோம். இவருக்கு 38, எனக்கு 104. இரண்டு பேருக்கும் 52 வயது. என் இதயம்தான் பழுதா? நான் விழுந்தால் மாமியை யார் பார்ப்பது? எனக்கு உடம்பும் வைத்துவிட்டது, இப்போது மூன்று தலகணி வைத்துத்தான் படுக்கிறேன். குழம்புவார் என்று இவருக்குச் சொல்லவில்லை. (வாசகி, சுன்னாகம்)

தங்கச்சி, அவருடைய இலக்கத்தோடு உங்களுடையதை ஒப்பிட்டதே பிழை. இதயத்தின் கீழறைச் சுவர் அழுத்தத்தில் இழுபடும்போது இரத்தத்தில் கலக்கிற பொருளைத்தான் இந்த ரெஸ்ட் அளக்கிறது, நல்ல சுகமாக இருக்கிற பெண்களுக்கே அது ஆண்களைவிடக் கூடத்தான், ஏனென்றால் ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் அதைக் குறைத்து வைக்கிறது. மாதவிடாய் நின்றபின் வித்தியாசம் குறையும், இல்லாமல் போகாது. கிளினிக்குகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகப் பார்க்கிற எல்லை 125. சரி, இலக்கத்தை விடுங்கள்.

தலகணிக்கு வாருங்கள். ஒன்றில் படுத்த மனுசி மூன்றுக்குப் போனது, நேராகப் படுத்தால் மூச்சு முட்டுவதால்தானே? எந்த டொக்டரும் முதலில் கேட்கிற விஷயத்தை நீங்கள் கடைசி வரியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதோடு உடம்பு வைத்தவர்களுக்கு இந்த இலக்கம் குறைத்தே காட்டும், இறுகிப்போய்ச் சரியாக நிரம்பாத இதயம், வயது போன பெண்களிடம் கூடுதலாகக் காண்கிற வகை, எல்லைக்குள் நிற்கிற இலக்கத்துக்குப் பின்னாலும் இருக்கலாம். ஆகவே 104 என்பதை வைத்து நான் உங்களை ஆறுதல்படுத்த மாட்டேன்.

குழம்புவாராம். குழம்பட்டுமே! கட்டின மனுசிக்கு மூச்சு முட்டினால் குழம்பத்தானே வேண்டும், பக்கத்தில் படுக்கிறவர் தலகணி கூடினதைக் கவனிக்கவில்லை என்பதில் எனக்கு அவரிலும் கோபம்தான். நீங்கள் மறைத்தது பொறுமை இல்லை, அவருடைய கடமையைச் செய்ய விடாமல் பண்ணுகிற வேலை. மாமியைப் பார்ப்பது பெரிய காரியம், விடச் சொல்ல மாட்டேன், ஆனால் அந்த மனுசி பெற்றது உங்களை இல்லை, அவரைத்தான். இரவில் தாயை எழுப்பிக் கூட்டிப்போக மகனுக்கும் கை இருக்கிறது.

இந்தக் கிழமையே இரண்டு பேருமாகப் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். ரிப்போட்டை நீட்ட முதல் தலகணிக் கதையைச் சொல்லுங்கள், கால் வீங்குகிறதா, படி ஏறினால் இளைக்கிறதா என்பதையும் சேர்த்து. ஈசிஜி, எக்கோ எடுக்க வேண்டுமா என்று டொக்டரிடம் உங்கள் மனுசனையே கேட்கச் சொல்லுங்கள். அதற்கு முன் ஓரிரவு மூச்சுத் திணறி எழும்பினால், விடியட்டும் என்று இருக்காமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.