என்னை மனுவேல் என்று கூப்பிட்டார்கள்

கேள்வி இதுதான்: "ஃபால்டி டவர்ஸ் என்ற பழைய பிரித்தானிய நகைச்சுவைத் தொடரை இப்போதும் ஏன் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்? ஆங்கிலம் சரியாக விளங்காத ஒரு வெளிநாட்டு வெயிட்டரைத் திட்டியும் அடித்தும் சிரிக்க வைப்பதில் என்ன நகைச்சுவை இருக்கிறது?"

கேட்டவர் அண்மையில் இங்கே படிக்க வந்து, வார இறுதியில் எங்கேயோ சாப்பாட்டுத் தட்டுத் தூக்குகிற ஒரு தம்பியாகவோ தங்கச்சியாகவோ இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வேலை இடத்தில் யாரோ அந்தப் பெயரைச் சொல்லியிருப்பார்கள். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்திருப்பீர்கள். இரண்டு நிமிடத் துண்டொன்றில் ஹோட்டல் முதலாளி பாசில், அந்த வெயிட்டர் மனுவேலின் தலையில் அடித்திருப்பார். நெஞ்சு எரிந்திருக்கும். எனக்கும் எரிந்தது. மற்றக் கேள்விகளைக் கடந்து போகிறவன் இதற்கு மட்டும் உட்கார்ந்து எழுதுவது அதனால்தான்.

நடந்தது 2002ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் தெற்குக் கரையில், கடலைப் பார்த்தபடி ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் ஒரு சிறு நகரம். ஹோட்டலின் பெயர் வேண்டாம். அங்கே வேலை செய்த சிலர் இன்றும் எனக்கு வேண்டியவர்கள். முதலில் குசினியில் கோப்பை கழுவினேன். மூன்றாம் மாதம் காலைச் சாப்பாடு பரிமாற ஆளில்லாமல் போக, வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் தந்து மேலே அனுப்பினார்கள்.

யாழ்ப்பாணத்தில் எனக்கு ஆங்கிலப் பாடத்தில் நல்ல புள்ளிகள். வாசிப்பேன், எழுதுவேன், இலக்கணப் பிழை விடமாட்டேன். ஆனால் காலை ஏழு மணிக்கு, பாதி வாயில் பாண் துண்டோடு ஒருவர் கதைக்கும் ஆங்கிலத்தை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

முதல் வாரத்திலேயே தலைமைச் சமையல்காரர் என்னை மனுவேல் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார். எனக்கு முன்னால் அந்த வேலையைச் செய்தவனின் பெயராக இருக்கும், பழக்கத்தில் வாயில் வருகிறது என்று நினைத்தேன். என் பெயரைச் சுருக்கிச் சொல்லியும் பார்த்தேன். மனுவேல் மாறவில்லை. நான்கு மாதம் அந்தப் பெயருக்கு "யெஸ் செஃப்" சொன்னேன்.

அப்புறம் அந்தக் காலை வந்தது. நவம்பர் மாதம், மழை. சுற்றுலாப் பேருந்தில் வந்த ஓய்வூதியக்காரர்கள் சாப்பாட்டு அறை முழுக்க இருந்தார்கள். யன்னலோர மேசையில் ஒரு முதியவரும் மனைவியும். அவர் தேநீர்க் கோப்பையின் சோசர் ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரையை வைத்திருந்தார். அதைக் கவனிக்காமல் சோசரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் என்னிடம் தன் மாத்திரை எங்கே என்று கேட்டார். எனக்குக் கேட்டது "பில்". உடனே வரவேற்பு மேசைக்குப் போய் அவருடைய அறைக் கணக்கை அச்சடித்து, மடித்து, தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதைத் தள்ளிவிட்டு மறுபடி கேட்டார். கணக்கில் ஏதோ பிழை போலிருக்கிறது என்று இன்னொரு முறை அச்சடித்துக் கொண்டுவந்தேன்.

ஆங்கிலத்தில் அந்த இரண்டு சொற்களுக்கும் முதல் எழுத்து வேறு. நாங்கள் எழுதினால் மாத்திரையும் 'பில்', கணக்குச் சீட்டும் 'பில்'. ஒரே 'ப' போதும் என்று வளர்ந்த காது என்னுடையது.

மேலாளர் வந்தார். விஷயம் விளங்கியதும் அறை முழுக்கக் கேட்கும்படி, "மன்னிக்க வேண்டும், இவர் பார்சலோனாவிலிருந்து வந்தவர்" என்றார். அறையே சிரித்தது. நான் பார்சலோனாவை வரைபடத்தில் மட்டும்தான் கண்டவன். அந்த முதியவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய கை மேசை விரிப்பைத் தடவித் தடவி இன்னும் மாத்திரையைத் தேடிக்கொண்டிருந்தது. இதயத்துக்கான மாத்திரை. நான் குசினிக்கு ஓடிப்போய்க் குப்பை வாளியைக் கிண்டினேன். முட்டை மஞ்சளுக்கும் நனைந்த தேயிலைப் பைக்கும் நடுவில் பாதி கரைந்து கிடந்தது. நல்ல காலம், அவர்களுடைய அறையில் வேறு மாத்திரைகள் இருந்தன.

அன்றிரவு முழுக்க யோசித்தேன். ஒரு அறை நிறைய மனிதர்கள் ஒரே நேரத்தில், ஒரு வசனத்துக்கு எப்படிச் சிரிக்க முடியும்?

இரவு வேலைக்கு இருந்த முதியவரிடம்தான் கேட்டேன். அறுபது வயது தாண்டிய ஆங்கிலேயர். அந்த ஹோட்டலில் என் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகிக்கொண்ட ஒரே ஆள். அவர் முகம் சிவந்துபோனது. அடுத்த நாள் ஒரு பையில் இரண்டு வீடியோ கசெட் கொண்டுவந்து தந்து, "முழுதாகப் பார். பாதியில் நிறுத்தினால் அவர்கள் சொல்வதுதான் உனக்கும் தெரியும்" என்றார். நிலவறையில் ஊழியர்களுக்கு ஒரு பழைய தொலைக்காட்சி இருந்தது. ஓவர்கோட்டைக் கழற்றாமலே பார்க்கத் தொடங்கினேன்.

1975 செப்டம்பரில் பிபிசி 2இல் வந்த முதல் அத்தியாயம். மனுவேல் பார்சலோனாவிலிருந்து வந்த வெயிட்டர்; மேலாளர் என்னைப் பற்றிச் சொன்னது இந்தத் தொடரின் வசனம்தான். தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே மனுவேல் சாப்பாட்டுத் தட்டங்களோடு வருகிறான். அவற்றில் வெண்ணெய் அதிகம் என்கிறார் பாசில். 'அந்தத் தட்டங்களில்' என்பதற்கு ஆங்கிலத்தில் "ஆன் தோஸ் டிரேஸ்". மனுவேலின் காதில் அது "ஊனோ, தோஸ், திரேஸ்" என்று விழுகிறது. ஸ்பானிய மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று. முதலாளி ஸ்பானிய மொழியில் எண்ணிக் காட்டப் பார்க்கிறார், உச்சரிப்புத்தான் பிழை என்று நினைத்து, ஒரு வாத்தியாரின் பொறுமையோடு மனுவேல் அவரைத் திருத்துகிறான்.

கசெட்டைப் பின்னால் ஓட்டி மூன்று முறை பார்த்தேன். என் 'பில்' அதே சங்கதிதான். ஒரு சத்தம், இரண்டு மொழி, இரண்டு பேருக்கும் தன் பக்கம் சரி. வித்தியாசம் என்னவென்றால், மனுவேல் கூனிக் குறுகவில்லை. இத்தனைக்கும் ஸ்பானிய மொழி தனக்குத் தெரியும் என்று மனைவி சிபிலிடம் பெருமை அடிக்கிறவர் பாசில். தான் படித்தது செம்மையான ஸ்பானியம், மனுவேல் பேசுவது ஏதோ விசித்திரமான வட்டார வழக்கு என்று அவர் சொல்லும் இடத்தில் நிலவறையில் தனியாக இருந்து வாய்விட்டுச் சிரித்தேன். அந்த ஊருக்கு வந்த பிறகு அதுதான் என் முதல் சிரிப்பு.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1975இல் ஆறும் 1979இல் ஆறுமாக மொத்தம் 12 அத்தியாயங்கள். அத்தனையிலும் கேவலப்பட்டு நிற்பவர் பாசில்தான். முதல் அத்தியாயத்தில் ஒரு போலிப் பிரபுவை உண்மையான பிரபு என்று நம்பி விழுந்து விழுந்து கும்பிடுகிறார். சாதாரண மனிதர் வந்தால் நாயைப் போல விரட்டுகிறார். தனக்கு மேலே இருப்பவரைக் கண்ட பயம், கீழே இருப்பவன் தலையில் அடியாக இறங்குகிறது. இது எனக்குப் புதிதல்ல. எந்த நாட்டுக் கந்தோரிலும் கடையிலும் இந்த மனிதரைப் பார்த்திருக்கிறேன். பாசிலாக நடித்த ஜோன் கிளீஸ் அவரை ஒரு இடத்தில்கூட நல்லவராக்கிக் காட்டவில்லை.

மனுவேல் செய்கிற பிழைகளைக் கவனியுங்கள். பெரும்பாலும் சொன்னதை அப்படியே செய்வதுதான் அவன் பிழை. இரண்டாம் தொடரில் பாசில் மனைவிக்குத் தெரியாமல் குதிரைப் பந்தயத்தில் பணம் வெல்கிறார். குதிரையைப் பற்றி உனக்கு ஒன்றுமே தெரியாது என்று மனுவேலிடம் திரும்பத் திரும்பச் சொல்லி வைக்கிறார். கடைசியில் அந்தப் பணம் தன்னுடையதுதான் என்று நிரூபிக்க அவர் சாட்சிக்கு அழைப்பது மனுவேலை. உண்மையைச் சொல் என்று பாசில் கெஞ்சுகிறார். மனுவேல் நிமிர்ந்து நின்று, எஜமான் கற்பித்ததை மறக்கவில்லை என்ற பெருமிதத்தோடு, தனக்கு ஒன்றுமே தெரியாது என்கிறான். பொய்யைக் கட்டியவர் பாசில். மாட்டிக்கொண்டவரும் பாசில். கிளீஸும் அவரோடு சேர்ந்து எழுதிய கொனி பூத்தும் (வேலைக்காரப் பெண் பொலியாக நடித்தவர், முதல் தொடர் வந்தபோது அவருடைய மனைவி) அரை மணி நேரத்துக்குள் இந்த முடிச்சைப் போட்டு, ஒரு நூல்கூட வெளியே தொங்காமல் அவிழ்ப்பார்கள். 2000இல் பிரித்தானியத் திரைப்பட நிறுவனம் எடுத்த 100 சிறந்த பிரித்தானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் பட்டியலில் இது முதலாவதாக வந்ததற்கு என்னைப் பொறுத்தவரை அந்த நெசவுதான் காரணம்.

பாசில் காற்றிலிருந்து பிறந்தவரும் அல்ல. 1970இல் கிளீஸ் இருந்த மொன்டி பைதன் என்ற நகைச்சுவைக் குழுவினர் படப்பிடிப்புக்காக டோர்க்கி என்ற கடற்கரை நகரில் கிளெனீகிள்ஸ் என்ற ஹோட்டலில் தங்கினார்கள். அதன் உரிமையாளர் டொனால்ட் சின்க்ளேர், குழுவில் இருந்த அமெரிக்கரான டெரி கில்லியம் முள்ளுக்கரண்டி பிடித்த விதத்தைக் குறை சொன்னார். குழுவின் இன்னொருவரான எரிக் ஐடில் விட்டுப்போன பெட்டியில் வெடிகுண்டு இருக்கலாம் என்று அதை மதில் பக்கம் கொண்டுபோய் வைத்தார். மற்றவர்கள் வேறு ஹோட்டலுக்கு மாறிவிட, கிளீஸ் மட்டும் அங்கேயே தங்கி அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனுவேலாக நடித்த அன்ட்ரூ சாக்ஸ் யார் என்று அறிந்த நாளில்தான் எனக்குள் மிச்சமிருந்த கோபமும் போனது. 1930இல் பெர்லினில் பிறந்தவர். தகப்பன் யூதர். நாசிகளுக்குத் தப்பி 1938இல் குடும்பத்தோடு பிரித்தானியாவுக்கு வந்த பிள்ளை அவர். அந்நிய மொழிக்குள் வந்து விழுவது என்றால் என்ன என்று எட்டு வயதில் அறிந்த ஒருவர்தான் அந்த விழிப்பையும் அந்தத் தலைசாய்ப்பையும் கொடுத்திருக்கிறார். குசினி தீப்பிடிக்கும் காட்சியில், உடுப்பில் புகை வர வைக்கப் பூசிய ரசாயனம் அவருடைய கைகளை உண்மையிலேயே சுட்டுவிட்டது. அந்த அத்தியாயத்தின் பெயர் 'ஜேர்மானியர்கள்'. அதைப் பார்க்கும்போதெல்லாம் இது எனக்கு ஞாபகம் வரும்.

இனிச் சிலர் சண்டைக்கு வருவார்கள், தெரியும். 'வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து' என்பார்கள். நான் அடிப்பது சரி என்று சொல்லவில்லை. அதே 'ஜேர்மானியர்கள்' அத்தியாயத்தில், ஹோட்டலிலேயே தங்கியிருக்கும் கிழட்டு மேஜர், கிரிக்கெட் கதை சொல்கிற சாக்கில் இந்தியர்களையும் மேற்கிந்தியர்களையும் இழிசொற்களால் குறிப்பிடுகிற ஒரு பேச்சு இருக்கிறது. காலம் கடந்த ஒரு கிழவரின் மூடத்தனத்தைக் காட்டத்தான் எழுதினார்கள் என்பது எனக்கு விளங்குகிறது. இருந்தும் அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை, என் பிள்ளைகளுக்கும் வருவதில்லை. 2020 ஜூனில் யூகேடிவி என்ற தொலைக்காட்சி நிறுவனம் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் எச்சரிக்கை வாசகத்தோடு திரும்பப் போட்டது. எச்சரிக்கை போட்டது சரி. எடுத்தது பிழை. எடுத்துவிட்டால் மேஜரைப் போன்றவர்கள் இருந்ததே தெரியாமல் போய்விடும்.

என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டவர்கள் செய்தது வேறு விஷயம். தொடரைப் பார்த்தும் பாசிலின் வசனத்தைத் தங்கள் வாயில் எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். அந்தப் பழியைத் தொடரின் மேல் போடாதீர்கள்.

ஹோட்டல் கதை வந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. அங்கே ஒவ்வொரு பில்லிலும் சேவைக் கட்டணம் என்று ஒரு வரி இருந்தது. விருந்தினர்கள் அது எங்களுக்கு வருகிறது என்று நினைத்துத்தான் மேசையில் காசு வைக்காமல் போவார்கள். குசினிக்கு அதில் ஒரு பென்ஸ்கூட இறங்கவில்லை. ஒரு முறை கேட்டதற்கு, அது உடைந்த கோப்பைகளுக்கு என்றார்கள். வாரத்துக்கு நூற்றுக்கணக்கான பவுண் பெறுமதியான கோப்பையை யார் உடைத்தார்? கோப்பை கழுவினவன் நான், எனக்குத் தெரியாதா? இப்போது அதற்கென்று சட்டம் வந்து, 2024 அக்டோபர் 1 முதல் அந்தப் பணம் முழுவதும் ஊழியருக்கே போக வேண்டும். நீங்கள் இப்போது வேலை செய்கிறவர் என்றால் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

கசெட் தந்த அந்த இரவு வேலை முதியவர் பிறகு 'டாட்ஸ் ஆர்மி' என்ற இன்னொரு பழைய நகைச்சுவைத் தொடரின் கசெட்டுகளும் தந்தார். இரண்டாம் உலகப் போரில் ஊர்காவல் படையில் சேர்ந்த கிழவர்களின் கதை. அதில் சாதுவான கொட்ஃப்ரியாக வருகிற ஆர்னல்ட் ரிட்லி, முதல் உலகப் போரில் சோம் சண்டையில் உண்மையாகவே படுகாயப்பட்டவர். இந்தப் பழைய பகிடிகளுக்குள் இப்படி எத்தனை காயங்கள் இருக்கின்றன என்று தெரிந்த பிறகு, இவற்றை வெறும் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

நீங்கள் பார்ப்பதாக இருந்தால் துண்டு துண்டாகப் பார்க்க வேண்டாம். முதல் அத்தியாயத்தைப் பாருங்கள், அப்புறம் நேராகக் கடைசி அத்தியாயத்துக்குப் போனாலும் பரவாயில்லை. அதில் மனுவேல் ஒரு எலியை வளர்க்கிறான். வெள்ளெலி என்று சொல்லி யாரோ அவனுக்கு விற்றுவிட்டார்கள். அதற்கு அவன் வைத்திருக்கும் பெயர் பாசில். சுகாதார அதிகாரி சாப்பாட்டு அறையில் இருக்கும்போது பிஸ்கட் பெட்டிக்குள்ளிருந்து அது தலையை நீட்டுகிறது. முதலாளி மயங்கி விழுகிறார். சிபில் ஒன்றுமே நடக்காதது போல அதிகாரியிடம் மழையைப் பற்றிக் கதைக்கிறார். பின்னால், விழுந்து கிடக்கும் பாசிலைப் பிடித்துத் தரையோடு இழுத்து, சத்தமில்லாமல் வெளியே கொண்டுபோகிறான் மனுவேல்.