ரம் இல்லாமல் பிளம் கேக்: கேட்டதும் சொன்னதும்

டிசம்பர் நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான்: வீட்டுக்குள் மது வரக்கூடாது, கேக் மட்டும் வேண்டும். எங்கள் வீட்டிலும் அதே சட்டம்தான். கேளுங்கள்.

அக்கா, பிளம் கேக் பழங்களை ரம்முக்குப் பதில் ஆரஞ்சு ஜூஸில் ஊறவைக்கலாமா? எத்தனை நாள்?

தாராளமாக. ஆனால் ரம் அங்கே வாசனை மட்டும் தருவதில்லை, பழம் கெடாமலும் பார்த்துக்கொள்கிறது. ஜூஸால் அது முடியாது. பட்டுத் தெரிந்துகொண்டவள் சொல்கிறேன். ஒரு வருடம் ஜூஸில் போட்ட திராட்சையைப் பத்து நாள் அலமாரியிலேயே விட்டுவிட்டேன். மூடியைத் திருகினால் புஸ்ஸென்று நுரை! மது வேண்டாமென்று ஆரம்பித்த வேலை கள்ளுக்கடை வாசனையில் முடிந்தது.

அரை கிலோ உலர்பழத்துக்கு 200 மி.லி. ஜூஸ், ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு. சிறு தீயில் ஐந்து நிமிடம் சூடாக்கி, ஆறியதும் ஃப்ரிட்ஜில் ஓர் இரவு. மிஞ்சினால் இரண்டு நாள். ரம் பிறப்பது மொலாசஸ் (சர்க்கரை எடுத்த பின் மிஞ்சும் கருத்த பாகு) போன்ற கரும்புப் பொருள்களிலிருந்துதான். அந்தக் கருத்த ருசி வேண்டுமென்றால் கருக்கிய சர்க்கரைப் பாகு இரண்டு ஸ்பூன் சேருங்கள். ஜூஸிலேயே இனிப்பு இருப்பதால் கேக்கில் சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கலாம்.

அவனில் வைத்தால் ஆல்கஹால் எல்லாம் பறந்துவிடும் என்கிறார்களே? குழந்தைக்குக் கொடுக்கலாம்தானே?

எல்லாம் பறக்காது. அமெரிக்க வேளாண் துறை அட்டவணைப்படி, மாவில் கலந்து 15 நிமிடம் வேகவைத்தால் சுமார் 40 சதவீதம் மிஞ்சும்; ஒரு மணி நேரமானாலும் 25 சதவீதம். கேக் வெந்த பிறகு மேலே ஊற்றும் ரம்மைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குழந்தைக்கென்றால் ஜூஸ் கேக்தான்.

பிளாக் ஃபாரஸ்ட் கேக்கில் கிர்ஷ் என்று போட்டிருக்கிறது. அது இல்லாமல் எப்படி?

கிர்ஷ் என்பது செர்ரியிலிருந்து காய்ச்சும் ஜெர்மன் சாராயம். கொட்டையோடு புளிக்கவைப்பதால் லேசாக பாதாம் வாசம் அடிக்கும். டின் செர்ரியின் பாகில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, இரண்டே சொட்டு பாதாம் எசென்ஸ். மூன்றாவது சொட்டு விழுந்தால் இருமல் மருந்து!

நாங்கள் முஸ்லிம்கள். ரம் எசென்ஸ் வாங்கலாமா?

லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள். சில எசென்ஸில் ஆல்கஹால் இருக்கும், சிலவற்றில் வாசனையைக் கரைத்து வைக்க புரோப்பிலீன் கிளைகால் என்ற வேறொரு திரவம். வெனிலா எக்ஸ்ட்ராக்டையும் பாருங்கள். அமெரிக்க விதிப்படி அதில் குறைந்தது 35 சதவீதம் ஆல்கஹால். வெனிலா காயைக் கீறி விதையைப் போட்டால் இந்தக் கவலையே இல்லை.

டிராமிசு, அதாவது காபியில் முக்கிய பிஸ்கட்டும் கிரீமும் அடுக்கும் இத்தாலிய இனிப்பு, மது இல்லாமல் வருமா?

அது பிறந்த இடமாகச் சொல்லப்படும், இத்தாலியில் ட்ரெவிசோ நகரத்து லெ பெக்கெரியே உணவகத்தின் செய்முறையிலேயே மது கிடையாது, அதனால் எதையும் ஈடுகட்ட வேண்டாம். நம் ஃபில்டர் டிகாக்‌ஷன் போதும். முதல் டிகாக்‌ஷன், சிக்கரி இல்லாமல், நன்றாக ஆறியது. பிஸ்கட்டை முக்கியதும் எடுத்துவிடுங்கள். மூன்று எண்ணினால் கூழாகிவிடும்.